சந்தியாப்பிள்ளைக்கு ஒரு பூசை

விட்டு விட்டு மழை பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோவிலுக்குள் மெழுகுதிரி மணமும் ஈரக் குடைகளின் மணமும் கலந்து கிடந்தன. வாசலில் ஒரு கழுதை மழைக்கு ஒதுங்கி நின்றது. யாரும் அதை விரட்டவில்லை. பூசை நேரத்தில் எங்கள் ஊர்ச் சனங்களுக்குக் கழுதையிடமும் இரக்கம் வரும்.

கார்த்திகை எங்களுக்கு ஆத்துமாக்களின் மாதம். சேமக்காலைக்குப் போய்க் கல்லறைகளுக்கு வெள்ளையடிப்பார்கள். செத்துப்போன உறவுகளின் பெயர்களைத் துண்டில் எழுதிக் கோவில் பெட்டியில் போடுவார்கள். பூசையில் ஃபாதர் அவற்றை ஒவ்வொன்றாக வாசிப்பார்.

அந்த வாசிப்பு எனக்கு மிகவும் பிடிக்கும். சவிரிமுத்து, மதலேனாள், ஞானப்பிரகாசி, பாவிலு... கூரையில் விழும் மழையோடு பெயர்கள் சேர்ந்து வர, கண் தானாகச் சொக்கும். விழித்திருக்கிறேனா, கனவு காண்கிறேனா என்று தெரியாமல் சுகமாக உட்கார்ந்திருப்பேன்.

அந்தச் சொக்கலில்தான் அது கேட்டது.

“சந்தியாப்பிள்ளை. எலிசாவின் கணவர். கடலுக்குப் போய்க் காணாமற்போனவர்.”

நிமிர்ந்து உட்கார்ந்தேன். எங்கள் பக்கத்தில் சந்தியாப்பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் எலிசாவின் கணவர் சந்தியாப்பிள்ளை ஒருவர்தான். அவர் பிறந்தது என் சாப்பாட்டு மேசையில். என் நாவலில் வருகிற ஆள் அவர்.

பெயர்களை வாசித்தவர் ஊருக்குப் புதிதாக வந்த ஃபாதர். அவருக்கு ஒன்றும் தெரியாது. அவர் அடுத்த பெயருக்குப் போய்விட்டார். ஆனால் வாங்குகளில் இருந்த தலைகள் திரும்பின. முதலில் என்னைப் பார்த்தார்கள். பிறகு, தூணோரமாக இருந்த பிலோமினாக்காவைப் பார்த்தார்கள்.

பிலோமினாக்கா எழுந்தார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, குடையை எடுக்காமலே மழைக்குள் இறங்கிப் போய்விட்டார்.

மருந்தோடு வந்த விமர்சனங்கள்

தலைமன்னார் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் எனக்கு ஒரு மருந்துக்கடை இருக்கிறது. ‘சந்தியாப்பிள்ளை வீடு’ நாவல் வெளிவந்த பிறகு அது பாதி மருந்துக்கடை, பாதி விமர்சன அரங்கம்.

கதை பெரிய கதையல்ல. கடலோரத்துச் சிறு பட்டினம். ஒருநாள் காலை சந்தியாப்பிள்ளை கடலுக்குப் போகிறார். தோணி கிடைக்கிறது, ஆள் கிடைக்கவில்லை. எலிசா அப்பம் சுட்டு விற்று இரண்டு பெண்பிள்ளைகளை வளர்க்கிறாள். கூரை ஒழுகுகிறது, மூத்தவள் படிப்பை விடுகிறாள், இளையவள் கோபித்துக்கொண்டு பேசாமல் இருக்கிறாள். கடைசி அத்தியாயத்தில் ஒரு மாலை நேரம், வாசல் படலையின் கொக்கி விழும் சத்தம் கேட்கிறது. எலிசா கையைத் துடைத்துக்கொண்டு எழும்புகிறாள். அதோடு முடித்துவிட்டேன்.

முடித்தது நான். என்னை முடிக்க விடவில்லை வாசகர்கள்.

“இரண்டு பனடோல் தாங்கோ மிஸ். அந்தாள் வந்தவரோ இல்லையோ?” என்று கேட்டுக்கொண்டே படியேறுவார்கள். ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் ஒருவர், கதையில் அப்பம் கூடிவிட்டது என்றார். சுவிஸிலிருந்து ஒரு பெண் அழுதழுது குரல்பதிவு அனுப்பியிருந்தாள். கடைசியில், எலிசா வைக்கிற சொதிக்கு என்ன மீன் போடுகிறாள் என்று கேட்டு முடித்திருந்தாள். பஸ் கொண்டக்டர் ஒருவர் பாதியில் திருப்பித் தந்துவிட்டார். மூத்த மகளுக்கு நல்லது நடக்கும் என்று நம்பி வாசித்தாராம், அதற்கான அறிகுறியே இல்லையாம்.

கருவாட்டு வியாபாரம் செய்கிற ஹனிபா நானாதான் எல்லாருக்கும் மேல். புத்தகத்தை அவர் வாங்கிப் போய்த் திரும்பக் கொண்டுவந்தபோது, ஒவ்வொரு பக்கத்திலும் கட்டாக் கருவாடு மணத்தது. கதைக்கு அது பொருத்தம்தான்.

“தங்கச்சி, ஆள் ராமேஸ்வரத்தில கலியாணம் முடிச்சு நல்லா இரிப்பான். நான் எத்தின பேரைப் பாத்திட்டன்” என்றார்.

“நானா, அது வாசிக்கிற ஆக்களின்ர விருப்பம். நான் திறந்து விட்டிருக்கிறன்” என்றேன். எனக்கு அந்தப் பதிலில் கொஞ்சம் பெருமை இருந்தது. எழுத்தாளர் என்றால் இப்படித்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

நானா கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். “மருந்தைத் தந்திட்டு, குடிக்கிறதோ பூசுறதோ உங்கட விருப்பம் எண்டு சொல்லுவியளோ?”

எனக்கு வந்த விமர்சனங்களில் கூர்மையானது அதுதான்.

வின்சன் போன காலை

கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பிலோமினாக்காவின் கணவர் வின்சன் கடலுக்குப் போன காலையை ஊரில் எல்லாரும் ஒவ்வொரு விதமாக நினைவு வைத்திருக்கிறார்கள். எனக்கு நினைவிருப்பது அமைதி. கச்சான் காற்று அடங்கி, கடல் எண்ணெய் பூசிய மாதிரிக் கிடந்தது. பழைய இறங்குதுறைத் தூண்களில் கடற்காகங்கள் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. அப்படிப்பட்ட காலையில் கடல் யாரையும் ஒன்றும் செய்யாது என்றுதான் தோன்றும்.

படகைக் கடலுக்குள் கிடக்கும் மணல் தீடை ஒன்றில் கண்டெடுத்தார்கள். என்ஜினுக்கு ஒன்றுமில்லை. சோற்றுப்பெட்டி திறக்காமல் இருந்தது. ஆள் மட்டும் இல்லை.

ஊர் தேடியது, அழுதது, களைத்தது. பிறகு, இனி ஒரு ஆன்ம பூசை கொடுத்துவிடலாம் என்றது. பிலோமினாக்கா மட்டும் கேட்கவில்லை. எந்தக் கார்த்திகையிலும் வின்சனின் பெயரை அவர் பெட்டியில் போடவில்லை. தாலியைக் கழற்றவில்லை. படலைக்குப் பூட்டுப் போடவில்லை, வெறும் கொக்கிதான். அந்தக் கொக்கி எப்போது விழுந்தாலும், யாரோடு பேசிக்கொண்டிருந்தாலும், அவருடைய தலை ஒருதரம் திரும்பும்.

அப்போது கைப்பிள்ளையாக இருந்த மகள் ஜெனி வளர்ந்து, இப்போது முன்பள்ளியில் படிப்பிக்கிறாள்.

நான் வின்சனை எழுதவில்லை. இதை எத்தனை பேருக்குச் சொல்லிக் களைத்திருப்பேன்! என் சந்தியாப்பிள்ளை கட்டையான ஆள். ராகம் தப்பித் தப்பிப் பாடிக்கொண்டே திரிவார். வின்சனோ நல்ல உயரம், கோவிலில்கூட வாய் திறக்க மாட்டார். இரண்டு பேருக்கும் கடலைத் தவிர ஒரு பொருத்தமும் இல்லை. “உயரத்தைக் குறைச்சுப் போட்டா எங்களுக்கு விளங்காதோ?” என்றுதான் ஊர் கேட்டது.

பிலோமினாக்கா மட்டும் அப்படிக் கேட்கவில்லை. அவருக்குக் கண் பார்வை மங்கல். பின்னேரங்களில் ஜெனி நாவலை வாசிக்க, அவர் மீன் வெட்டிக்கொண்டே கேட்டாராம். கடைசி வரி வந்ததும் இன்னொருதரம் வாசிக்கச் சொன்னாராம். பிறகு எழும்பி அடுப்பில் கேத்திலை வைத்தாராம்.

“ஏனம்மா எண்டு கேட்டன் அக்கா,” என்று ஜெனி ஒருநாள் கடையில் வந்து சொன்னாள். “கடலால வந்த மனிசன், முதல்ல தேத்தண்ணி குடுக்கோணும் எண்டு சொன்னவ.”

அன்று முழுவதும் நான் மிதந்துகொண்டு திரிந்தேன். யாருக்கு எந்த மருந்தைக் கொடுத்தேனோ, கடவுளுக்குத்தான் தெரியும்.

உத்தரிக்கிற ஸ்தலம்

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். பூசை முடிந்ததும், யார் இந்த வேலையைச் செய்தது என்று தேடினேன். தேட அதிக நேரம் எடுக்கவில்லை. செபமாலை அண்ணன் பீடத்துக்குப் பக்கத்தில் நின்று, உருகிய மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தார். ரயில்வே கேற்றில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். இப்போது கோவில்தான் அவருக்கு எல்லாம்.

“அண்ணை, சந்தியாப்பிள்ளைக்குப் பூசை குடுத்தது நீங்களோ?”

“ஓம் பிள்ளை,” என்றார், நல்ல காரியம் செய்த முகத்தோடு. “நீங்கள் அந்த மனிசனை உத்தரிக்கிற ஸ்தலத்திலயே விட்டுட்டியள். மேலயும் இல்லை, கீழயும் இல்லை. புத்தகத்தை மூடினாப் பிறகு எனக்கு நித்திரை இல்லை.”

“அண்ணை, அவர் கதையில வாற ஆளெல்லோ!”

“அதுதான் பிள்ளை நானும் யோசிச்சனான். சொந்தபந்தம் இருக்கிற ஆத்துமாவுக்கு ஆரும் பூசை குடுப்பினம். கதையில வாற ஆளுக்கு ஆர் குடுக்கிறது?”

ஏசத்தான் போனேன். கடைசியில் அவரோடு சேர்ந்து மெழுகு சுரண்டிவிட்டு வந்தேன்.

கார்ட்டில் ஒரு சொல்

அடுத்த நாள் கடை திறந்த கையோடு பிலோமினாக்கா வந்தார். பிரஷர் குளிசைக்கு வரவில்லை என்று முகமே சொன்னது.

“ரீற்றா, எல்லாரையும் விட நீர்தான் எனக்கு ஆறுதல் எண்டு நினைச்சனான். நீரும் சேர்ந்து அவரைச் சாகடிச்சுப் போட்டீர்” என்றார்.

பூசையை நான் கொடுக்கவில்லை என்று சத்தியம் பண்ணினேன். கதிரையை இழுத்து அவரை இருத்தினேன். தண்ணீர் கொடுத்தேன். பிறகுதான் விஷயம் முழுவதும் வந்தது.

ஜெனிக்கு ஓலைத்தொடுவாய் ஊரில் ஒரு சம்பந்தம் பேசி முடிந்திருந்தது. பிள்ளைக்கும் விருப்பம். திருவருகைக் காலம் முடிந்து, தை பிறந்ததும் கலியாணம். கார்ட் மட்டும் அடிக்கவில்லை. காரணம் ஒரு சொல். வின்சன் என்ற பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று போடுவதா, விடுவதா?

போடாவிட்டால், வந்த சனம் பெண்ணின் தகப்பன் எங்கே என்று கேட்கும், விட்டுவிட்டுப் போய்விட்டானோ என்று கதைக்கும், அது எங்களுக்குக் குறை என்பது மாப்பிள்ளை வீட்டின் நியாயம். கோவிலில் கலியாண ஓலை வாசித்து அறிவிக்கும்போதும் அதே சொல் வர வேண்டும் என்றார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் தாய் லூர்தம்மாவும் எங்கள் கோவிலுக்கு வந்திருந்திருக்கிறார். கதையை எழுதினவரே ஆன்ம பூசை கொடுத்துவிட்டார், இனி என்ன யோசனை என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

“அந்தச் சொல்லைப் போடச் சொல்லி என்ர வாயால எப்பிடிச் சொல்லுறது?” பிலோமினாக்காவின் குரல் உடைந்தது. “ஜெனி ஒண்டும் கதைக்கிறாளில்லை. இந்தக் கலியாணம் நிண்டா அவள் தாங்கமாட்டாள். எனக்குத் தெரியும்.”

“நான் என்ன செய்யோணும் அக்கா?”

“இண்டைக்குப் பின்னேரம் அவையள் வருவினம். நீர் வந்து, சந்தியாப்பிள்ளை சாகேல்லை எண்டு சொல்லும். அது காணும்.”

கொக்கி

நான் போகும்போது மழை விட்டிருந்தது. கடலுக்கும் வானத்துக்கும் நடுவில் கோடு தெரியவில்லை. பனங்கூடலுக்குள்ளால் பின்னேர ரயில் கூவிக்கொண்டு போனது. எங்கள் ஊரோடு தண்டவாளம் முடிகிறது. ஆனால் அந்த மாதிரி மாலைகளில், ரயில் அப்படியே தண்ணீருக்கு மேலால் அக்கரைக்குப் போய்விடும் என்று நினைக்கத் தோன்றும்.

லூர்தம்மா பொல்லாதவர் அல்ல. பனங்காய்ப் பணியாரம் சுட்டுக் கொண்டுவந்திருந்தார். மாப்பிள்ளையின் தாய்மாமனும் வந்திருந்தார். ஜெனி குசினி வாசலில், நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கொஞ்ச நேரம் மழையைப் பற்றிக் கதைத்தோம். பிறகு லூர்தம்மா நேரே என்னிடம் வந்தார்.

“நீங்கள்தானே எழுதினனீங்கள். நானும் என்ர மகளைக் கொண்டு வாசிப்பிச்சுக் கேட்டனான். நல்ல கதை. ஆனா சொல்லுங்கோ, கடைசியில படலையைத் திறந்தது ஆர்?”

எத்தனையோ பேர் கேட்ட கேள்வி. வாசிக்கிற ஆக்களின் விருப்பம் என்ற பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதை அங்கே வைத்துச் சொல்ல முடியவில்லை. ஜெனியின் விரல்கள் நிலையில் வெளுத்துப் போயிருந்தன. பிலோமினாக்கா என்னைப் பார்க்காமல் வெளியே படலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நானும் பார்த்தேன். முற்றத்தில் தேங்கிய தண்ணீரில் கடைசி வெளிச்சம் கிடந்தது. படலைக்கு அந்தப்பக்கம் ஒருவரும் இல்லை. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குத் தெரிந்தது. கட்டையான ஆள். சாரத்தை மடித்துக் கட்டியிருக்கிறார். தலை நனைந்திருக்கிறது. ராகம் தப்பி ஏதோ முணுமுணுக்கிறார். நாவலை எழுதிய அத்தனை மாதமும் நான் காணாத அவரை அன்றைக்குத்தான் கண்டேன்.

“வந்தவர்,” என்றேன். “படலையைத் திறந்தது சந்தியாப்பிள்ளைதான்.”

“உண்மையாவோ?” என்றார் லூர்தம்மா.

“ஓம். நல்லா நனைஞ்சு வந்தவர். எலிசா ஒண்டும் கதைக்கேல்லை. முதல்ல தேத்தண்ணி வைச்சுக் குடுத்தவ.”

பிலோமினாக்கா திரும்பினார்.

“இவ்வளவு காலமும் எங்க நிண்டவராம்?” என்று கேட்டார். சின்னப் பிள்ளை கதை கேட்கிற குரல்.

“அதை எலிசா கேக்கேல்லை அக்கா.”

“கேக்காதது நல்லது,” என்றார். “பிள்ளைகளை அடையாளம் கண்டவரோ?”

“இளையவளைத்தான் கொஞ்ச நேரம் பாத்துக்கொண்டு நிண்டவர். பிறகு பேர் சொல்லிக் கூப்பிட்டவர். அவள் ஓடி வந்தவள்.”

பிலோமினாக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். நன்றாக, ஆறுதலாகத் துடைத்தார். பிறகு லூர்தம்மாவைப் பார்த்தார்.

“அப்ப சரி. கார்ட்டில ‘காலஞ்சென்ற’ எண்டு போடுங்கோ.”

“அம்மா!” என்றாள் ஜெனி.

எனக்கு விளங்கவில்லை. அவர் கேட்டதைத்தானே சொன்னேன்? அவருக்காகத்தானே சொன்னேன்? லூர்தம்மாவும் குழம்பிப்போனார். பிடிவாதமாக வந்தவர், பிலோமினாக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, “அவசரமில்லை சம்மந்தி, யோசிச்சுச் சொல்லுங்கோ” என்று சொல்லத் தொடங்கிவிட்டார்.

“யோசிச்சது காணும்” என்றார் பிலோமினாக்கா.

அவர்கள் போனார்கள். படலைக் கொக்கி விழுந்தது. பிலோமினாக்கா கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். தலை திரும்பவில்லை.

“ஏன் அக்கா?” என்றேன்.

“இரண்டு பேரும் வராட்டில் என்னால தாங்கேலாது ரீற்றா. ஒருத்தர் வந்திட்டார்.” கோப்பைகளைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போனார். போகும்போது சொன்னார். “மற்றவரை இனி விடலாம்.”

ஜெனி பின்னாலேயே ஓடிப்போய்த் தாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். நான் மெதுவாகக் கொக்கியைத் தூக்கி, சத்தமில்லாமல் படலையைச் சாத்திவிட்டு வந்தேன். வழி முழுக்க அழுதேன்.

மறுபடியும் ஞாயிறு

அடுத்த ஞாயிறும் மழைதான். அதே மெழுகுதிரி மணம், அதே ஈரக் குடைகள். இந்தமுறை பிலோமினாக்கா என் வாங்கில், எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தார். ஜெனி மறுபக்கத்தில்.

ஃபாதர் பெயர்களை வாசித்தார். எனக்குக் கண் சொக்கவில்லை. சவிரிமுத்து, மதலேனாள், ஞானப்பிரகாசி.

“வின்சன். பிலோமினாவின் கணவர்.”

கோவிலில் ஒரு அசைவு ஓடி அடங்கியது. பிலோமினாக்கா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். அவருடைய முழங்கை என்மேல் பட்டுக்கொண்டிருந்தது.

பெயர்கள் முடிந்ததும் ஃபாதர் அடுத்த துண்டை எடுத்தார். நன்றிக் கருத்துகள். பரீட்சையில் சித்தியடைந்த பிள்ளை, சத்திரசிகிச்சை சுகமாக முடிந்த ஒருவர். பிறகு அவர் சற்று நின்று, மறுபடியும் பார்த்து, முகம் மலர வாசித்தார்.

“கடலிற் காணாமற்போயிருந்த சந்தியாப்பிள்ளை சுகமே வீடு திரும்பியதற்காக. ஒப்புக்கொடுப்பவர், பிலோமினா.”

அந்தப் புது ஃபாதருக்கு அந்தச் செய்தியில் உண்மையான சந்தோசம். போன கிழமை ஆத்துமாக்களோடு தானே வாசித்த பெயர் இது என்று ஞாபகம் வந்திருக்க வேண்டும். கையிரண்டையும் விரித்து, “எவ்வளவு பெரிய புதுமை! எல்லாரும் சேர்ந்து ஆண்டவருக்கு நன்றி சொல்லுவோம்” என்றார்.

அப்படி ஒரு ஆள் இல்லை என்று ஃபாதரைத் தவிர அங்கே எல்லாருக்கும் தெரியும். ஒருவர் சிரித்திருந்தாலும் காரியம் கெட்டிருக்கும்.

முன்வரிசையிலிருந்து செபமாலை அண்ணனின் குரல் முதலில் எழுந்தது. அதன்பின் கோவில் முழுவதும் ஒரே குரலில் சொன்னது.

“இறைவா, உமக்கு நன்றி.”

நானும் சொன்னேன்.